ஏசுவதற்கு முன் மன்னிப்புக் கேட்ட நடுவர்

எங்கள் குடும்பத்தில் பாட்டுக்காரி நான்தான். இதில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை. ஏழு வருடம் முறையாகச் சங்கீதம் படித்தவள். பரீட்சைச் சான்றிதழ்கள் கண்ணாடி போட்டு விறாந்தைச் சுவரில் தொங்கின. தேற்றாத்தீவில் ஒரு பாலர் பாடசாலையில் படிப்பித்துக்கொண்டிருந்தேன். சின்னப் பிள்ளைகளுக்கு நான் சொல்லிக்கொடுத்த மழைப் பாட்டைத் தாய்மார்கள் கிணற்றடியிலும் பாடுவார்கள்.

என் மாமாவின் மகள், எனக்கு மச்சாள், என்னைவிட மூன்று வயது மூத்தவள். அவள் பாடத் தொடங்கினால் பக்கத்து வளவு நாய் எழும்பிப்போய் வேறு இடத்தில் படுக்கும். அவளே அதைச் சொல்லிச் சிரிப்பாள். கொழும்பிலிருந்து வந்த தொலைக்காட்சிக்காரர்கள் எங்கள் இருவரையும் கேட்டுவிட்டு அவளைத்தான் எடுத்தார்கள். என்னை வீட்டுக்கு அனுப்பினார்கள்.

இந்தப் போட்டிகளில் நடுவர்கள் உண்மையாகவே தீர்ப்புச் சொல்கிறார்களா, எல்லாம் முன்கூட்டியே எழுதி வைத்ததா என்று யாராவது வாதாடும்போது நான் பேசாமல் இருக்கப் பழகியிருக்கிறேன். நடந்ததைச் சொல்லத்தான் தெரியும்.

அது சண்டை நின்றிருந்த காலம். முடிந்துவிட்டது என்று யாரும் சொல்லவில்லை; நின்றிருந்தது, அவ்வளவுதான். காவலரண்கள் இருந்த இடத்திலேயே இருந்தன. ஆனால் பஸ்ஸை மறிக்கிற ஆமிக்காரர் அடையாள அட்டையைப் பார்த்துவிட்டுச் சில நேரம் சிரிக்கவும் செய்தார். படுவான்கரைச் சனம் வாவியைக் கடந்து மட்டக்களப்பு ரவுணுக்கு வந்து சாமான் வாங்கிக்கொண்டு பொழுதுபடுமுன் திரும்பிப்போனது. கொழும்பிலிருந்து ஒவ்வொரு கொம்பனியாக வந்தது. முதலில் கைத்தொலைபேசி, பிறகு ஐஸ்கிரீம், பிறகு சவர்க்காரம். கடைசியாகத் தொலைக்காட்சி வந்தது. ஓட்டோவில் ஒலிபெருக்கி கட்டி ஊர் ஊராக அறிவித்தார்கள். சனிக்கிழமை ரவுணில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் குரல் தேர்வு. யாரும் வரலாம், கட்டணம் கிடையாது.

அம்மா தனியாக விடமாட்டேன் என்றார். "கூட ஆரும் போனாத்தான் போகலாம். நான் வரமாட்டன். கோழிக்கு ஆர் தீன் போடுற?"

அப்படித்தான் மச்சாள் வந்தாள். அவளுடைய கணவர் கட்டாரில் லொறி ஓட்டிக்கொண்டிருந்தார். வீட்டில் அவளுக்குப் பெரிய வேலை கிடையாது. ரவுணுக்குப் போவதென்றால் அவளுக்குத் திருவிழாதான். நான் சாதாரண சல்வார் உடுத்தேன். அவள் கலியாண வீட்டுக்குப் போகிறவள் மாதிரி மஞ்சள் சேலை கட்டிக்கொண்டு வந்தாள்.

"நீ பாடப் போறியா நான் பாடப் போறனா?" என்று கேட்டேன்.

"நீ பாடு. நான் பாக்கிறதுக்கு வாறன்கா. பாக்கிறவளும் வடிவா இரிக்கோணும்."

கல்லடிப் பாலத்தடியில் இறங்கி, சோதனை முடிந்து, திரும்ப ஏறி, மண்டபத்தடிக்குப் போய்ச் சேர்ந்தபோது வரிசை மதிலைச் சுற்றி அடுத்த தெருவுக்குப் போயிருந்தது. எங்களுக்கு முன்னால் ஏறாவூரிலிருந்து வந்த ஒருவர் நின்றார். புடவைக் கடை வைத்திருக்கிறாராம். நாற்பது வயதிருக்கும். வெயில் ஏற ஏற ஆட்கள் சலித்துப்போய் முணுமுணுத்துக்கொண்டிருந்தபோது, அவர் தன்பாட்டில் ஒரு பழைய படப் பாட்டைப் பாடத் தொடங்கினார். மெல்லத்தான் பாடினார். நாலு வரி போவதற்குள் எங்கள் பக்கம் முழுதும் அடங்கிவிட்டது. ஐஸ்பழம் விற்றவர்கூட மணியடிப்பதை நிறுத்திவிட்டார். பாடி முடித்ததும் அவர் வெட்கப்பட்டுக் கைலேஞ்சியால் முகத்தைத் துடைத்தார்.

மச்சாள் என் காதுக்குள், "நாம திரும்பிப் போவமா?" என்றாள்.

படலையடியில் ஒரு சிக்கல் வந்தது. படிவம் நிரப்பினவர்களை மட்டும்தான் உள்ளே விடுவார்களாம். துணைக்கு வந்தவர்கள் வெளியே நிற்கவேண்டும். வெளியே நிழல் இல்லை. மச்சாள் யோசிக்கவேயில்லை, ஒரு படிவத்தை வாங்கி மதிலில் வைத்து நிரப்பினாள். 'திறமை' என்று கேட்டிருந்த இடத்தில் 'பாட்டு (கொஞ்சம்)' என்று எழுதினாள். கடைசியில் ஒரு கேள்வி இருந்தது: உங்கள் வாழ்வில் நடந்த மறக்க முடியாத சம்பவம். நான் அதில் சங்கீதப் பரீட்சையில் அதிவிசேட சித்தி பெற்றதை எழுதினேன். அவள் வெறுமையாக விட்டாள்.

நடுவர்கள் வந்திருப்பார்கள் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். விளம்பரத்தில் அவர்களுடைய படம்தான் இருந்தது. உள்ளே போனால் மேசையில் மூன்று இளவட்டங்கள் இருந்தார்கள். மூவருக்கும் என் வயது வரும், அல்லது குறையும். ஒருத்தி எழுதிக்கொண்டிருந்தாள், ஒருவன் சின்னக் கமராவால் பிடித்துக்கொண்டிருந்தான், மற்றவன் பிஸ்கட் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். ஐந்து ஐந்து பேராகக் கூப்பிட்டுச் சுவரோடு நிற்கவைத்தார்கள்.

ஏறாவூர்க்காரர் முதலில் பாடினார். இரண்டாவது வரியில் அந்தப் பெண் கையை உயர்த்தினாள். "சரி, தேங்க்ஸ். அறிவிப்பம்." அவர் தலையாட்டிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போனார். போகும்போது என்னைப் பார்த்து, "நல்லாப் பாடுங்க தங்கச்சி" என்றார்.

அடுத்தது நான். நான் பல்லவி முழுவதும் பாட விட்டார்கள். பிஸ்கட் சாப்பிட்டவன் நிமிர்ந்து பார்த்தான். எனக்கு நம்பிக்கை வந்தது. அந்தப் பெண் என் படிவத்தைப் புரட்டினாள்.

"அக்கா, சம்பவம் எண்டு கேட்டதுக்குப் பரீட்சை எண்டு எழுதியிருக்கீங்க. வேற ஒண்டும் இல்லையா?"

"வேற எண்டா?"

"இல்ல, இந்தப் பக்கத்தில எல்லாருக்கும் ஏதாவது இருக்குமே. யுத்தத்தில யாராவது? வீட்டில?"

அவள் இரக்கமில்லாமல் கேட்கவில்லை. வேலையாகக் கேட்டாள், கடைக்காரர் சைஸ் கேட்பது போல. எங்கள் வீட்டில் இருந்தது. என் அண்ணனை ஆமியின் ஒரு சுற்றிவளைப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள். எனக்கு அப்போது பதினொரு வயது. அண்ணன் திரும்பி வரவில்லை. வரமாட்டான் என்று யாரும் எழுதித் தரவுமில்லை. அம்மா ஒவ்வொரு தைப்பொங்கலுக்கும் அவனுக்கு ஒரு சேட் துணி எடுத்துப் பெட்டிக்குள் வைத்தார்.

"இல்ல. எங்கட வீட்டில ஒண்டும் நடக்கல்ல" என்றேன்.

சுவரோடு நின்ற மச்சாள் என்னைத் திரும்பிப் பார்த்தது எனக்குத் தெரிந்தது. நான் பார்க்கவில்லை.

"சரி, தேங்க்ஸ். அறிவிப்பம்" என்றாள் அந்தப் பெண்.

மற்ற இரண்டு பேரும் பாடி முடித்த பிறகு மச்சாளின் முறை வந்தது. அவள் மேசைக்கு முன்னால் போய் நின்று, "எனக்குப் பாட வராது. நான் இவக்குத் துணைக்கு வந்தனான்" என்றாள்.

"அப்ப ஏன் ஃபோம் நிரப்பினீங்க?"

"வெளியில நிழல் இல்லியே."

பிஸ்கட்காரன் சிரித்துவிட்டான். அந்தப் பெண் படிவத்தைப் பார்த்தாள். "பாட்டு, அடைப்புக்குள்ள கொஞ்சம் எண்டு எழுதியிருக்கு. எங்க பாடுவீங்க?"

"கோல் கதைக்கிற கொமினிகேஷன் கடையில. எங்கட அவர் கட்டாரில. வெள்ளிக்கிழமை லீவு, அண்டைக்குக் கோல் எடுப்பார். கதைக்கிறதெல்லாம் கதைச்சு முடிஞ்சா மறுகா நான் பாடுவன்."

"கடையில, எல்லாருக்கும் முன்னால?"

"ஓம். நான் பாடத் தொடங்கினா கடைக்காரர் ரேடியோச் சத்தத்தக் கூட்டி வைப்பார்."

"உங்கட கணவர் என்ன சொல்லுவார்?"

"லைன் கிளியர் இல்லை எண்டு சொல்லுவார்."

இப்போது மூன்று பேரும் சிரித்தார்கள். கமராக்காரன் கிட்ட வந்தான். பாடச் சொன்னார்கள். பாடினாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். முடிந்ததும் கைதட்டல் கேட்டது. திறந்து பார்த்தேன். மச்சாளின் கையில் ஒரு மஞ்சள் துண்டுச் சீட்டு இருந்தது. அடுத்த சுற்று, கொழும்பில்.

அவள் அதை மேசையில் திரும்ப வைத்தாள். "இத இவக்குக் குடுங்க. பாட்டுக்காரி இவதான்."

"அப்படி மாத்திக் குடுக்க ஏலாது அக்கா."

"அப்ப எனக்கு ஏன் தாறீங்க? நான் பாடினத நீங்க கேட்டதுதானே?"

"உங்கட கதை நல்லா இருக்கு" என்றாள் அந்தப் பெண். ஒளித்து மறைத்துச் சொல்லவில்லை. அதற்காக அவளை நான் மதிக்கிறேன்.

திரும்பி வரும்போது நான் யன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு இருந்தேன். காத்தான்குடியில் பஸ் நின்றபோது மச்சாள் கச்சான் கடலைச் சுருள் ஒன்று வாங்கி என் மடியில் வைத்தாள். ஆரையம்பதி தாண்டும்வரை பேசவில்லை. அவளுக்கு அது பெரிய சாதனை.

"அண்ணாவப் பத்திச் சொல்லியிருக்கலாமேகா" என்றாள் மெல்ல.

"அம்மா ரீவி பார்ப்பா."

அவள் கொஞ்ச நேரம் கச்சான் உடைத்தாள். "ஓம். மாமி பார்ப்பா" என்றாள். அதற்குப் பிறகு அந்தக் கதையை அவள் எடுக்கவேயில்லை.

மூன்று கிழமை கழித்துக் கொமினிகேஷன் கடைக்காரரே சைக்கிள் மிதித்துக்கொண்டு வந்தார். கொழும்பிலிருந்து கோல் வந்ததாம். "தங்கச்சி, உங்களத்தான் கேக்கிறாங்க. ஆள் மாறிக் கூப்பிடுறாங்களோ தெரியா எண்டு நான் ரெண்டுதரம் கேட்டனான். நீங்கதானாம்" என்றார். உண்மையிலேயே அவர் முகத்தில் கவலை இருந்தது.

மச்சாள் ஒரே நிபந்தனை போட்டாள்: நான் வந்தால்தான் போவாள். எனக்குப் போக மனமில்லை. ஆனால் ஆசையும் இருந்தது. தொலைக்காட்சி நிலையத்தை உள்ளே பார்க்கிற ஆசை. அதைவிட, எந்த இடத்துக்கு நான் வேண்டாம் என்றார்களோ அந்த இடம் எப்படி இருக்கும் என்கிற ஆசை. விடியப்புறம் பஸ் ஏறிப் பின்னேரம் கொழும்பில் இறங்கினோம். வெள்ளவத்தையில் மாமாவுக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் தங்கினோம்.

ஒளிப்பதிவு நடந்த இடம் வெளியிலிருந்து பார்த்தால் அரிசி ஆலை மாதிரி இருந்தது. உள்ளே குளிர். மச்சாள் மஞ்சள் சேலை முந்தானையால் போர்த்திக்கொண்டாள். மேடையில் விளக்கெல்லாம் பளபளவென்றிருந்தது. பின்பக்கம் போய்ப் பார்த்தால் பலகையும் ஆணியும். பார்வையாளர்களாக இருநூறு பேர் வந்திருந்தார்கள். பெரும்பாலும் ரியூஷன் பிள்ளைகள். ஒருவர் மேடையில் ஏறி அவர்களுக்குக் கைதட்டப் பயிற்சி கொடுத்தார். ஒரு கையை உயர்த்தினால் தட்டவேண்டும். இரண்டு கையை உயர்த்தினால் எழும்பி நின்று தட்டவேண்டும். நெஞ்சில் கை வைத்தால் சோகமாக இருக்கவேண்டும். அரைமணி நேரம் வெறும் மேடையைப் பார்த்துத் தட்டினார்கள், எழும்பினார்கள், சோகப்பட்டார்கள். எல்லாவற்றையும் கமரா பிடித்தது.

போட்டியாளர்கள் இருந்த அறையில் நானும் மச்சாளோடு இருந்தேன். கதவைத் தட்டிக்கொண்டு ஒருவர் வந்தார். மெலிந்தவர், காலில் சாதாரண ரப்பர் செருப்பு, கையில் ஒரு துண்டுக் காகிதம். அவரை அடையாளம் காண எனக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது. மூன்று நடுவர்களில் அவர்தான் பொல்லாதவர். தொலைக்காட்சியில் பேனையை எறிவார். போட்டியாளர் அழ அழ ஏசுவார். எங்கள் பாலர் பாடசாலையில் பிள்ளைகள் அழுதால் அவருடைய பெயரைச் சொல்லிப் பயப்படுத்துகிற தாய்மார் இருந்தார்கள்.

அவர் காகிதத்தைப் பார்த்துப் பார்த்து ஒவ்வொருவராகத் தேடினார். மச்சாளிடம் வந்தார். யாழ்ப்பாணப் பேச்சு.

"பிள்ளை, நீங்கள்தானே மட்டக்களப்பு? இண்டைக்கு எனக்கு நாலு பேர். அதில நீங்களும் ஒராள். கொஞ்சம் கடுமையா ஏசவேண்டி வரும். கோவிக்கக் கூடாது. மனசில வைச்சிருக்கவும் கூடாது."

"என்னத்துக்கு சேர் ஏசப் போறீங்க?" என்றாள் மச்சாள்.

"பாட்டுக்குத்தான்."

"நான் இன்னும் பாடவே இல்லியே."

அவர் காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துவிட்டு, "அதுவும் சரிதான்" என்றார். "எனக்கும் இது சந்தோசமான வேலை இல்லைப் பிள்ளை. நான் முப்பது வருசம் சங்கீதம் படிப்பிச்சனான். ஒருத்தரும் என்னைக் கணக்கெடுக்கேல்லை. ஒருநாள் கோவத்தில பேனையை எறிஞ்சன். இப்ப றோட்டில போகேலாது."

"ஏசுங்க சேர், பரவாயில்ல. ஆனா நானும் ஒண்டு திருப்பிச் சொல்லலாமா?"

"சொல்லுங்கோ" என்றார். அப்படிக் கேட்ட முதல் ஆள் அவள்தான் போலிருந்தது.

மச்சாளை முகப்பூச்சுக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். அந்த நேரம் பார்த்து ஒலியமைப்புக்காரர் ஒருவர் அறைக்குள் தலையை நீட்டி, மைக் சரி பார்க்க ஒரு பெண் குரல் வேண்டும், யாராவது வரமுடியுமா என்றார். மற்றவர்கள் எல்லோரும் தொண்டையைக் காப்பாற்றிக்கொண்டு இருந்தார்கள். எனக்குக் காப்பாற்ற ஒன்றுமில்லை. போனேன்.

மேடையில் வெள்ளை நாடா ஒட்டின ஒரு குறியில் நின்றேன். கமரா ஓடவில்லை. பார்வையாளர்களைத் தேத்தண்ணிக்கு விட்டிருந்தார்கள். இரண்டு பேர் ஏணியில் நின்று விளக்கைத் திருப்பிக்கொண்டிருந்தார்கள். நான் பாடினேன். ஒலிக்காரர், "இன்னும் பாடுங்க, இன்னும் பாடுங்க" என்று கையால் காட்டினார். பல்லவி, அனுபல்லவி, சரணம் என்று முழுப் பாட்டும் போய்விட்டது. முடித்துவிட்டுப் பார்த்தால் நடுவர் மேசையின் ஓரத்தில் அந்தப் பொல்லாத மனிதர் கையில் பணிஸோடு நின்றுகொண்டிருந்தார். கடித்த வாய் அப்படியே இருந்தது. விழுங்கிவிட்டு வந்தார்.

"நீங்கள் எந்தச் சுற்றிலை பிள்ளை?"

"நான் சுற்றிலயே இல்ல சேர். மச்சாளுக்குத் துணைக்கு வந்தனான்."

அவர் தலையைச் சொறிந்தார். "நல்ல குரல். சுருதி பிசகேல்லை. ஆனா ஒண்டு சொல்லட்டே? கோவிப்பீங்களோ?"

"சொல்லுங்க சேர்."

"ஒவ்வொரு வரியின்ரை முடிவையும் விழுங்கிப் போடுறீங்கள். ஆரோ பக்கத்து அறையிலை நித்திரை கொள்ளினம், எழும்பிப் போடுவினம் எண்டு பயந்து பாடுறது மாதிரி. திறந்து பாடின பழக்கமே இல்லையோ?"

எங்கள் வீடு தெருவோரம். ஆமி ரோந்து போகிற நேரம் எது, போகாத நேரம் எது என்று சொல்லமுடியாது. நான் பாடிப் பழகிய வருடங்கள் முழுவதும் அம்மா குசினிக்குள்ளிருந்து சொன்ன ஒரே சொல் "மெதுவா, மெதுவா." ரேடியோவும் மெதுவாகத்தான் பாடியது. என் சங்கீத ரீச்சர் இந்தக் குறையை ஒருநாளும் சொன்னதில்லை. சொல்லியிருக்க முடியாது, அவவும் அப்படித்தான் பாடினா. பரீட்சை வைக்க வந்தவர்களுக்கும் அது கேட்டிருக்காது. எங்கள் பக்கத்தில் எல்லோரும் அப்படித்தான் பாடினோம் போல.

"வீட்டில கொஞ்சம் மெதுவாத்தான் பாடுற சேர்" என்றேன்.

அவருக்கு விளங்கியது. அவர் யாழ்ப்பாணத்தில் இருந்தவர்தானே. "ஓம்... ஓம்" என்றார். "இனிமேல் வெளியிலை போய்ப் பாடுங்கோ. கடற்கரை, வயல், எங்கையெண்டாலும். வரி முடியிற இடத்திலை வாயை மூடாதையுங்கோ. ஆறு மாசம் செய்தா நீங்கள் வேற பாட்டுக்காரி."

நான் துணிந்து கேட்டேன்: "என்னச் சேர்க்கேலாதா சேர்?"

"என்ரை கையிலை ஒண்டும் இல்லைப் பிள்ளை. எனக்கும் லிஸ்ட் தந்துதான் இருத்துறாங்கள்." மிச்சப் பணிஸைப் பார்த்தார். "முதல் நாலு சுற்றும் அவங்கடை. கடைசி மூண்டு பேரிலை ஆர் முதல் எண்டதை மட்டும் எங்களைக் கேப்பாங்கள். அதிலை நான் ஒருக்காலும் பொய்யாப் போட்டதில்லை. நம்பினா நம்புங்கோ."

நான் நம்பினேன். அவர் எனக்குச் சொன்னதுபோல யாரும் சொன்னதில்லை. அதற்கு ஒரு கமராவும் ஓடவில்லை.

பிறகு மச்சாளின் முறை வந்தது. நான் பார்வையாளர் வரிசையில் இருந்தேன். அவள் பாடினாள். பயிற்சிக்காரர் நெஞ்சில் கை வைத்தார், எல்லோரும் சோகமானோம். பொல்லாதவர் பேனையை எறிந்தார். பேனை உருண்டு மேடைக்குக் கீழே விழுந்தது.

"இது பாட்டா? இதைக் கேட்டா உங்கடை கணவர் கட்டாரிலை இருந்து திரும்பி வருவாரா?"

மச்சாள் சேலை முந்தானையைச் சரிசெய்துகொண்டு, "இதக் கேட்டுத்தான் சேர் அவர் அங்க போனவர்" என்றாள்.

எந்தக் கையும் உயராமல் மண்டபம் முழுவதும் சிரித்தது. விளக்குக்காரர்கள் ஏணியில் நின்று சிரித்தார்கள். பொல்லாதவர் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டார், தோள் குலுங்கியது. அன்று முழுநாளிலும் அந்த மண்டபத்தில் சொல்லிக்கொடுக்காமல் நடந்தது அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

இயக்குநர் ஓடிவந்தார். நன்றாக இருக்கிறதாம், ஆனால் அழுகையும் ஒன்று வேண்டுமாம். மறுபடியும் எடுத்தார்கள். இந்தமுறை பொல்லாதவர் பேனையை எறிய மறந்துபோனார். மூன்றாம் முறை எறிந்தார்; மச்சாளுக்கு அழுகை வரவில்லை. "எனக்கு இப்ப சிரிப்புத்தானே வருது" என்றாள். உதவிக்கு நின்ற ஒரு பிள்ளை சின்னத் தைலக் குச்சி ஒன்றைக் கொண்டுவந்து அவளுடைய கண்ணுக்குக் கீழே பூசியது. கண்ணீர் தாரையாக வந்தது. மூக்கும் வழிந்தது. கமரா கிட்டப் போய்ப் பிடித்தது.

வெளியே வந்து முகத்தைக் கழுவிவிட்டு, "தடிமனுக்கு நல்லாயிரிக்கு. கொஞ்சம் தருவாங்களா?" என்று கேட்டாள்.

நிகழ்ச்சி ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் நாலு மணிக்குப் போனது. மாமா வீட்டு முற்றத்தில் ரீவியைத் தூக்கி வைத்துப் பாய் விரித்தோம். ஊரில் பாதி வந்திருந்தது. கடைக்காரர் கொமினிகேஷனைப் பூட்டிவிட்டு வந்திருந்தார். மச்சாள் நடுவில் ராணி மாதிரி இருந்தாள்.

அவள் மேடைக்கு வருமுன்னே சோகமான புல்லாங்குழல் வந்தது. அறிவிப்பாளர், யுத்தம் பிரித்த ஒரு குடும்பம் என்றார். மாமா திரும்பி மச்சாளைப் பார்த்தார். "ஆரப் பத்திச் சொல்றான்?"

"என்னத்தானாம்."

"அவன் லொறி ஓட்டவெல்லோ போனவன்!"

பாட்டு வந்தது. பேனை வந்தது. கேள்வி வந்தது. அவள் சொன்ன பதிலும் வந்தது, ஆனால் அதற்குப் பிறகு சிரிப்பைக் காணவில்லை. பொல்லாதவர் கல்லு மாதிரி முறைத்துக்கொண்டிருந்தார். அது வேறு யாரையோ பார்த்து முறைத்தது. அடுத்ததாக மச்சாளின் முகம், தாரை தாரையாகக் கண்ணீர். ஒரு கணம் என் முகமும் வந்தது. நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அது நான் சிரித்துச் சிரித்து வந்த கண்ணீர். புல்லாங்குழலோடு பார்த்தால் எனக்கே என்னைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

அம்மா எழும்பிப்போய் மச்சாளின் தலையைத் தடவினார். "இவ்வளவு அழுதியா புள்ள? எங்களுக்குச் சொல்லல்லியே."

"அது தைலம் மாமி!"

யாரும் நம்பவில்லை. கண்ணால் பார்த்ததை எப்படி நம்பாமல் விடுவது? அடுத்த நாள் இரண்டு வீட்டிலிருந்து பலகாரம் வந்தது. கட்டாரிலிருந்து வெள்ளிக்கிழமைவரை பொறுக்காமல் திங்கட்கிழமையே கோல் வந்தது. அங்கே யாரோ சொல்லியிருக்கிறார்கள். "ஆர் உன்ன அழ வச்சவன்?" என்று கணவர் கத்தியது கடைக்கு வெளியே கேட்டதாம். மச்சாள் எல்லாவற்றையும் விளக்கிச் சொன்னாள். சொல்லி முடித்ததும் அவர், "சரி, பாடு" என்றாராம். கடைக்காரர் அன்றைக்கு ரேடியோவைத் தொடவில்லை.

நான் அந்தப் பொல்லாத நடுவர் சொன்னதைச் செய்தேன். விடிந்ததும் வாவிக் கரைக்குப் போய் நின்று, வரி முடிகிற இடத்தில் வாயை மூடாமல் பாடினேன். முதல் நாள் என் குரலைக் கேட்டு நானே திரும்பிப் பார்த்தேன். இறால் பிடித்துக்கொண்டிருந்த ஒருவர் தோணியிலிருந்து, "புள்ள, அங்கால தள்ளி நிண்டு பாடு. றால் எல்லாம் ஓடுது!" என்றார். தள்ளி நின்று பாடினேன். ஆறு மாதம் என்று நடுவர் சொன்னார்; எனக்கு ஒரு வருடத்துக்கு மேல் பிடித்தது. ஆனால் குரல் வந்தது.

அந்தக் குரலுக்காகத்தான் ஒருமுறை பள்ளிக்கூடப் பிள்ளைகளின் பாட்டுப் போட்டி ஒன்றுக்கு என்னையும் நடுவராகக் கூப்பிட்டார்கள். அப்போது சண்டை திரும்பத் தொடங்கியிருந்தது. படுவான்கரையிலிருந்தும் வடக்கே கிரானுக்கு அப்பாலிருந்தும் சனம் இடம்பெயர்ந்து வந்து பள்ளிக்கூடங்களிலும் கூடாரங்களிலும் இருந்தது. போட்டியைத் தள்ளிவைக்கலாம் என்று சிலர் சொன்னார்கள். பிள்ளைகள் பழகிவிட்டார்கள், நடத்துவோம் என்று அதிபர் சொன்னார்.

மூன்று நடுவர்கள். யாரும் எங்களுக்கு லிஸ்ட் தரவில்லை. கைதட்டச் சொல்லிக்கொடுக்க ஆளில்லை. நான் மிகவும் நேர்மையாக இருக்கப்போகிறேன் என்று எனக்குள் சொல்லிக்கொண்டு போனேன். கடைசியில் இரண்டு பெண் பிள்ளைகள் மிஞ்சினார்கள். ஒருத்தி ரவுணில் ஒரு மருந்துக்கடைக்காரரின் மகள். நன்றாகப் பழக்கியிருந்தார்கள், தாளம் ஒரு இடத்திலும் தவறவில்லை. மற்றவள் கூடாரத்திலிருந்து வந்தவள். இரவல் சட்டை, தோள்பட்டை பெரிதாக இருந்ததால் பாடும்போது இடக்கையால் பிடித்துக்கொண்டு பாடினாள். நல்ல குரல், ஆனால் இரண்டாம் சரணத்தில் சுருதி கொஞ்சம் இறங்கியது. எனக்கு அது தெளிவாகக் கேட்டது.

நான் அவளுக்கு அரைப் புள்ளி கூடுதலாகப் போட்டேன். மற்ற இரு நடுவர்களின் புள்ளிகள் இரண்டு பிள்ளைகளுக்கும் சமமாக இருந்ததால் என் அரைப் புள்ளிதான் முடிவைச் சொன்னது.

பரிசளிப்பு முடிந்து வெளியே வரும்போது மருந்துக்கடைக்காரரின் மனைவி மகளைக் கையில் பிடித்துக்கொண்டு என்னிடம் வந்தார். சண்டை பிடிக்க வரவில்லை. அவருடைய முகத்தில் கோபமே இல்லை.

"ரீச்சர், இவ எங்க பிழை விட்டவ எண்டு சொன்னா, வீட்டில திருத்தலாம்" என்றார்.

அந்தப் பிள்ளை என்னை நிமிர்ந்து பார்த்துக்கொண்டு நின்றது. எந்தப் பிழையும் விடவில்லை என்று சொன்னால், அப்படியானால் ஏன் என்று கேட்பார். ஒரு பிழையைக் கண்டுபிடித்துச் சொன்னால் அந்தப் பிள்ளை அதை நம்பி, இல்லாத ஒன்றைத் திருத்தித் திருத்தியே பாட்டைக் கெடுத்துக்கொள்ளும்.

"இவ பிழை விடல்ல அக்கா" என்றேன். "நல்லாத்தான் பாடினவ. பிழை என்னிலதான்."

அவர் அதைப் பணிவு என்று எடுத்துக்கொண்டார். "அப்படிச் சொல்லாதீங்க ரீச்சர்" என்று சிரித்துவிட்டு, மகளைக் கூட்டிக்கொண்டு பஸ் வருமுன் போய்ச் சேர வேண்டுமென்று வேகமாக நடந்தார்.